பயத்திலும் வாயில் வரும் மொழி

போன மாதம் திவ்யா போன் செய்திருந்தாள். பெங்களூருக்கு வெளியே அத்திபெலேக்குப் பக்கத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தொழிற்சாலையில் இப்போது மெயின்டனன்ஸில் இருக்கும் பெண். கம்பெனி செலவில் வெளிநாட்டு மொழி ஒன்று படிக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களாம். ஜெர்மன், ஜப்பானியம், கொரியன், மூன்றில் எதையாவது ஒன்றை எடுக்கலாம்.

"எதை எடுக்கறது ஸ்டெல்லா மேடம்? ஜெர்மன் எடுத்தா வெளிநாடு போகலாம்னு அண்ணன் சொல்றான். போன்லயே எல்லாம் மாத்திக் குடுக்குதே, எதுக்குப் படிக்கணும்னு இங்க இருக்கறவங்க கேக்கறாங்க."

"ரொம்பப் பயந்துட்டா உனக்கு வாயில என்ன வரும்?" என்று கேட்டேன்.

சிரித்தாள். "அம்மான்னு கத்துவேன்."

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதனால் இது அவளுக்காக எழுதியது. வேறு யாருக்காவது உதவினாலும் சரி.

எனக்கு இதே கேள்வி வந்தபோது வயது முப்பத்தாறு. கார் கதவுகளுக்கான இரும்புத் தகடுகளைப் பெரிய பிரஸ்ஸில் அழுத்தி எடுக்கும் தொழிற்சாலை அது. நான் இன்ஸ்பெக்ஷனில் இருந்தேன். வரும் தகட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, விரிசல், கீறல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ஒருநாள் காலை எல்லோரையும் நிற்க வைத்து, பழைய லைனை மூடப்போகிறோம், ஜப்பான்காரர்களோடு சேர்ந்து புது லைன் வருகிறது, அதில் இன்ஸ்பெக்ஷனைக் கேமரா பார்த்துக்கொள்ளும் என்றார்கள். வெளிநாட்டு மொழி ஏதாவது தெரிந்தவர்களுக்குப் புது லைனிலோ டிசைன் ஆபீஸிலோ இடம் இருக்கலாமாம். 'இருக்கலாம்' என்றுதான் சொன்னார்கள்.

அப்போது என் கணவர் அந்தோணி முதுகில் ஆபரேஷன் முடிந்து வீட்டில் படுத்திருந்தார். பிள்ளைகள் இரண்டும் பள்ளியில். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. ஆட்குறைப்பு தொடங்கிய காலத்தில்தான் நாங்கள் பெங்களூர் லிங்கராஜபுரத்துக்கு வந்தோம். வேலை செய்கிற இடத்தில் 'இருக்கலாம்' என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில், காலைப் பூசை முடிந்ததும், ஒவ்வொரு வகுப்பாகப் போய் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் பிரெஞ்சு. எல்லோரும் கல்லூரிப் பிள்ளைகள். எதற்காகப் படிக்கிறீர்கள் என்று டீச்சர் வரிசையாகக் கேட்டார். பாட்டுப் பிடிக்கும், பாரிஸ் பார்க்கணும் என்றெல்லாம் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "வேலை போயிடும்னு பயம்" என்றேன். வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார், கெட்ட மனதோடு அல்ல. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

ஜெர்மனுக்கு வீட்டில் எல்லோருடைய ஆதரவும் இருந்தது. அந்தோணியின் தங்கை வீட்டுக்காரர், "அண்ணி, ஜெர்மன் எடுங்க. பிற்காலத்துல குடும்பத்தோட போயிடலாம்" என்றார். வகுப்பும் நன்றாகத்தான் இருந்தது. மேஜை ஆண், கதவு பெண், ஜன்னல் ரெண்டும் இல்லை என்று ஒவ்வொரு பொருளுக்கும் மனப்பாடம் செய்ய வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. ஒரு வாக்கியம் சொல்ல வாய் திறந்தால் எந்தச் சொல் எங்கே போய் உட்காரும் என்று யோசிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. வகுப்பிலேயே இப்படி என்றால், மேலதிகாரி முன்னால் நிற்கும்போது என்ன ஆவேன்?

ஜப்பானிய வகுப்பை நடத்தியவர் ஜோகுபாளையத்துத் தமிழர், அந்த நாட்டில் பல வருடம் இருந்து திரும்பிய இன்ஜினியர். எழுத்துகளைப் பார்த்ததும் எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. அவர் அதைக் கவனித்திருக்க வேண்டும். எழுத்தை அழித்துவிட்டு, 'நான் நேற்று கடைக்குப் போய் பால் வாங்கினேன்' என்று போர்டில் தமிழில் எழுதினார். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே அதற்கான ஜப்பானியச் சொல்லை எழுதினார். ஒரு சொல்கூட இடம் மாறவில்லை. 'கடைக்கு' என்பதில் வரும் 'கு'வுக்கும் அவர்களிடம் ஒரு துண்டு இருந்தது, அதே இடத்தில்.

"நம்மளை மாதிரியே அவங்களுக்கும் வினை கடைசியிலதான் வரும்," என்றார். "செய்யணுமா, செய்யக் கூடாதாங்கறது வாக்கியம் முடியும்போதுதான் தெரியும். அதனால பாதியில தலையாட்டாதீங்க."

பஸ்ஸில் திரும்பும்போது முடிவு செய்துவிட்டேன். பயந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். தமிழை நினைத்துக்கொண்டே சொல்லுக்குச் சொல் மாற்றிக்கொண்டு போகலாம் என்றால், பயத்திலும் ஏதோ ஒன்று வாயில் வரும். சம்பளத்தையும் வெளிநாட்டையும் பார்த்து நான் மொழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. எதில் ஊமையாகிவிட மாட்டேன் என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தேன்.

"இந்த வயசுல அந்தக் கிறுக்கலா?" என்றார் அந்தோணி. சொன்னாரே தவிர, படுத்தபடியே என்னிடம் பாடம் கேட்டவரும் அவர்தான். அரிசி டப்பா, பருப்பு டப்பா எல்லாவற்றிலும் எழுத்துகளை ஒட்டி வைத்தேன். இரண்டு பரீட்சை எழுதினேன், ஒன்றில் தோற்று மறுபடி எழுதினேன். பழைய லைன் மூடியபோது என்னோடு நின்றவர்களில் பலர் போய்விட்டார்கள். நான் புது லைனுக்குப் போனேன். வேலையின் பெயர் மொழிபெயர்ப்பாளர்.

அங்கே எனக்கு மேலதிகாரி ஹயாஷி சான். 'சான்' என்றால் நம் 'அவர்கள்' மாதிரி. ஒல்லியான மனிதர், கத்தியதே கிடையாது. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் லைனில் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். பிரஸ்ஸுக்குள் யார் இறங்கினாலும் மெயின் ஸ்விட்சில் அவரவர் சிவப்புப் பூட்டைப் போட வேண்டும். பூட்டில் அவரவர் போட்டோ தொங்கும். பூட்டிய பிறகு விரலை நீட்டிப் பூட்டைக் காட்டி, 'பூட்டியாச்சு' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய மேனேஜரும் சொல்ல வேண்டும், ஹயாஷி சானும் சொல்வார். எங்கள் ஆட்களுக்கு முதலில் அது விளையாட்டாக இருந்தது. விரலை நீட்டிச் சிரிப்பார்கள். அவர்கள் சிரிப்பு அடங்கும்வரை ஹயாஷி சான் காத்திருந்து, "இன்னொரு முறை" என்பார்.

முதல் வாரத்திலேயே என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார்: "பேசினது எல்லாத்தையும் சொல்லுங்க. திட்டினா திட்டையும் சொல்லுங்க. காதுல விழலைன்னா விழலைன்னு சொல்லுங்க. இப்படித்தான் இருக்கும்னு யூகிச்சு மட்டும் சொல்லாதீங்க."

அது எவ்வளவு கஷ்டம் என்று செய்தவர்களுக்குத்தான் தெரியும். நடுவில் நிற்கிறவளுக்கு 'எனக்குத் தெரியலை' என்று சொல்வதைப் போல அவமானம் வேறில்லை. இரண்டு பக்கமும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது மஞ்சுநாத்துக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

மஞ்சுநாத் எங்கள் ஃபிட்டர். ஆனேக்கல் பக்கத்து ஆள், கன்னடக்காரர். என்னிடம் கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். அன்று பகல் ஷிப்டில் அச்சு மாற்றிக்கொண்டிருந்தார்கள். பிரஸ்ஸில் பொருத்தும் இரும்பு அச்சு ஒரு சின்ன அறை அளவுக்கு இருக்கும். அதை ஒரு டிராலியில் ஏற்றித் தண்டவாளத்தில் உருட்டிக் கொண்டுவருவார்கள். டிராலி பாதி வழியில் சிக்கிக்கொண்டது. என்ன என்று பார்க்க மஞ்சுநாத்தும், ஜப்பானிலிருந்து வந்திருந்த மோரி என்ற இளம் ஃபிட்டரும் கீழே குழிக்குள் இறங்கினார்கள். இருவரும் பூட்டுப் போட்டார்கள், விரல் நீட்டிச் சொன்னார்கள். நான் பார்த்தேன்.

மின்சாரத்துக்குப் பூட்டு இருந்தது. ஆனால் டிராலியின் பிரேக் காற்றில் இயங்குவது. அந்தக் காற்றுக் குழாய் வெடித்தது.

பெரிய சத்தம் கேட்டது. பிறகு காதைக் கிழிக்கிற மாதிரி 'ஸ்ஸ்' என்று காற்று பீறிட்டுக்கொண்டே இருந்தது. டிராலி அச்சோடு கொஞ்சம் முன்னால் உருண்டு நின்றது. உடனே கீழேயிருந்து மஞ்சுநாத்தின் குரல். அந்த மாதிரிக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. டிராலிக்கும் தூணுக்கும் நடுவில் அவருடைய தொடை சிக்கியிருந்தது.

"ஹிந்தக்கே எளீரி! ஹிந்தக்கே எளீரி!" பின்னால் இழுங்க, பின்னால் இழுங்க.

கிரேன் ஓட்டுகிறவர் ஓடிவந்து டிராலியின் பின்பக்கம் சங்கிலி மாட்டிவிட்டார். ரிமோட் கையில், கட்டைவிரல் பட்டன் மேல். மேலே நாங்கள் எல்லோரும் குழியின் வாய்க்குப் பின்னால் நிற்கிறோம். அச்சு மறைப்பதால் கீழே ஒன்றும் தெரியவில்லை. அப்போது மோரியும் கத்தினார். ஜப்பானிய மொழியில், ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப.

'உகோகாஷிதே' என்றால் நகர்த்துங்கள். 'உகோகாசனைதே' என்றால் நகர்த்தாதீர்கள். எனக்குக் கேட்டது 'பின்னால்' என்ற சொல்லும், 'உகோகா' வரைக்கும்தான். அதற்கு மேல் வந்ததைக் காற்றின் சத்தம் விழுங்கிவிட்டது. அவர் மறுபடி கத்தினார். மறுபடியும் அதே இடத்தில் 'ஸ்ஸ்'.

புரொடக்ஷன் மேனேஜர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ன சொல்றான்? பின்னால எடுக்கச் சொல்றான்தானே?"

"கடைசி கேக்கலை சார்."

"மஞ்சுநாத்தே சொல்றானே! உனக்குக் கேக்கலையா? சரின்னு சொல்லு!"

எனக்கு நன்றாகவே கேட்டது. ஒவ்வோர் எழுத்தும் கேட்டது. வலியில் துடிக்கிற மனிதர் தெளிவான கன்னடத்தில் தன்னை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிறார். அதை விட்டுவிட்டு, முழுதாகக் காதில் விழாத ஒரு ஜப்பானிய வாக்கியத்துக்காக நான் நிற்கிறேன். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், எல்லோரும் ஏதோ செய்துகொண்டிருப்போம். ஒன்றும் செய்யாமல் நிற்பதுதான் தாங்கவில்லை. ஆனாலும் மஞ்சுநாத்துக்குத் தன் பின்னால் நடப்பது தெரியாது, மோரி பக்கத்தில் நின்று பார்க்கிறார் என்ற ஒரே எண்ணம் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அதுவும் எனக்கு உறுதி இல்லை.

"தெரியலை! எனக்குத் தெரியலை! இழுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே கிரேன்காரரின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு யாரைப் பார்த்தோ, "காத்தை மூடுங்க! மெயின் வால்வை மூடுங்க!" என்றேன்.

வால்வு அந்தப் பக்கச் சுவரில் இருந்தது. ஒருவர் ஓடிப்போய் மூடினார். சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது. நான் குழியின் ஓரத்தில் குப்புறப் படுத்து, தலையை உள்ளே நீட்டி, என்னால் முடிந்த அளவு உரக்க ஜப்பானிய மொழியில் கேட்டேன்: "மோரி சான், மறுபடி சொல்லுங்க!"

"உகோகாசனைதே!"

நகர்த்தாதீர்கள். முன்சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிட்டது, பின்னால் இழுத்தால் அச்சு குழிக்குள் சாயும், ஜாக்கி கொண்டுவாருங்கள், மரக்கட்டை கொண்டுவாருங்கள் என்றார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஹயாஷி சான் அதற்குள் வந்துவிட்டிருந்தார். அவரே ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மரக்கட்டைகளை அடுக்கி, ஜாக்கி வைத்துத் தூக்கி, வெளியே எடுக்கும் வரையில் மஞ்சுநாத் "ஹிந்தக்கே எளீரி" என்று சொல்வதை நிறுத்தவே இல்லை. குரல் மட்டும் தேய்ந்துகொண்டே போனது.

காலை எடுக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் முழங்கால் இனி மடங்காது என்றார்கள். சீக்கிரம் வெளியே எடுத்திருந்தால் நரம்பு தப்பியிருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னாராம். 

ஆஸ்பத்திரி வராந்தாவில் மஞ்சுநாத்தின் மனைவி ரத்னம்மா உட்கார்ந்திருந்தார். நடந்ததை யாரோ சொல்லியிருந்தார்கள். நான் அருகே போனதும் எழுந்து, என் முகத்துக்கு நேராகக் கேட்டார்: "நிமகே கன்னட பரல்வா?"

உங்களுக்குக் கன்னடம் வராதா? அவர் கத்தவில்லை. பெங்களூரில் தமிழ் பேசி வளர்ந்தவளுக்கு அந்தக் கேள்வியில் 'நீ இந்த ஊர்க்காரி இல்லை' என்பதும் சேர்ந்தே கேட்கும். சுற்றி நின்ற உறவினர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "பருத்தே" என்றேன். வரும். அதற்கு மேல் என்ன சொல்வது? வரும் என்பதுதானே குற்றச்சாட்டு.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மோசமானவை. விசாரணை நடந்தது. மோரியை ஜப்பானுக்கு அழைத்துக்கொண்டார்கள். நான் கம்பெனி பஸ்ஸில் ஏறினால் பேச்சு நின்றுவிடும். சர்ச்சில் மண்டியிட்டால் ஜெபம் வராது, அந்த 'ஸ்ஸ்' சத்தம்தான் வரும். நான் செய்தது சரி என்று ஒரு மனம் சொல்லும். மோரி சொன்னது தவறாக இருந்திருந்தால் என்று மறு மனம் கேட்கும். சக்கரம் இறங்கியதை மோரியைத் தவிர யாரும் அந்த நிமிடத்தில் பார்க்கவில்லை. ஜாக்கி வைத்த பிறகு எல்லாம் இடம் மாறிவிட்டது.

"பழையபடி இன்ஸ்பெக்ஷனுக்கே அனுப்பிடச் சொல்லேன்" என்றார் அந்தோணி. அங்கே கேமரா இருக்கிறது என்று அவருக்கும் தெரியும்.

மஞ்சுநாத் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியதும் ஹயாஷி சானுக்குச் சொல்லியனுப்பினார்: அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், மனைவியையும் அழைத்து வருவேன் என்று. ரத்னம்மா வந்தார். தலைக்குக் கொஞ்சமும் பொருந்தாத ஹெல்மெட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை.

அன்று பின்னால் இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட, ஹயாஷி சான் எல்லோரையும் தூரத்தில் நிறுத்தினார். டிராலியில் அச்சுக்குப் பதில் இரும்புப் பாளங்கள். முன்சக்கரத்தை மோரி சொன்னபடியே தண்டவாளத்துக்கு வெளியே இறக்கியிருந்தார்கள். மஞ்சுநாத் நின்ற இடத்தில் ஆள் உயர மரக்கட்டை ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். கிரேன் சங்கிலி இறுகியது. டிராலி பின்னால் கொஞ்சம்தான் அசைந்தது. மறுகணம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாளங்கள் சரிந்து குழிக்குள் இறங்கின. புழுதி அடங்கியபோது மரக்கட்டை நின்ற இடத்தில் சிராய்கள்தான் கிடந்தன.

மஞ்சுநாத் ஊன்றுகோலில் சாய்ந்தபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானே இழுக்கச் சொன்னேன்" என்று கன்னடத்தில், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்.

ரத்னம்மா அழவில்லை. முதல்முறையாக என் பக்கம் திரும்பி, "அந்த ஜப்பான் பையனோட பேசணும்" என்றார்.

ஹயாஷி சானின் அறையில் ஸ்பீக்கரில் போட்டு மோரியை அழைத்தோம். ரத்னம்மா கன்னடத்தில் பேசினார். தமிழுக்குப் போகாமல் கன்னடத்திலிருந்து நேராக ஜப்பானிய மொழிக்கு நான் மாற்றியது அன்றுதான். இழுத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதுதான் பார்த்தேன், நீங்கள் சொன்னதால் என் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார் என்றார். சொன்னேன்.

பிறகு மோரி பேசினார். தயங்கித் தயங்கி, ஆனால் கடைசி எழுத்து வரைக்கும் தெளிவாக.

நான் உடனே மாற்றவில்லை. ஹயாஷி சானைப் பார்த்தேன். அவருக்கும் கேட்டிருந்தது. கண்ணாடியைத் தொடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னால் இந்த அம்மாள் தாங்குவாரா, திரும்ப என் மேல் பாய்வாரா, மஞ்சுநாத் என்ன நினைப்பார் என்று எல்லாம் ஓடியது.

"அன்னிக்கு எனக்கும் உறுதியாத் தெரியலைன்னு சொல்றார்," என்றேன் கன்னடத்தில். "கீழே இருட்டு, புழுதி. சக்கரம் இறங்கின மாதிரிதான் தெரிஞ்சுதாம். தப்பாச் சொல்லி அவரைக் கொன்னுடுவேனோன்னு பயந்துக்கிட்டேதான் கத்தினேன்னு சொல்றார். இன்னும் அந்தப் பயம் போகலையாம்."

மஞ்சுநாத் தரையைப் பார்த்தார்.

ரத்னம்மா ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அவருக்கு என்ன வயசு?" என்று கேட்டார். நான் ஜப்பானிய மொழியில் கேட்டுச் சொன்னேன்.

"என் தம்பி வயசு," என்றார். ஸ்பீக்கர் பக்கமாகக் குனிந்து, மெதுவாக, "ஊட்ட ஆய்தா அந்த கேளி" என்றார்.

சாப்பிட்டாரா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன்.